ஏழரை நாழிகையில் ஒரு வெப்சைட்

கம்பம் பள்ளத்தாக்கின் முதல் வெப்சைட் செப்புத் தகட்டில் வந்தது. போட்டது பாண்டியன் இராசசிம்மன், பத்தாம் நூற்றாண்டில். குச்சனூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் சட்டை நனைவதற்குள் வந்துவிடும் சின்னமனூரில் கிடைத்ததால் அதற்குச் சின்னமனூர்ச் செப்பேடு என்று பேர். விஷயம் என்னவோ நிலதானம்தான். 'இந்த ஊர் இனி இன்னாருக்கு' என்று நாலு வரியில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். ராஜா விடுவாரா? தானத்துக்கு வருவதற்கு முன்னால் பரம்பரைப் பெருமை தகடு தகடாக ஓடுகிறது. எங்கள் முன்னோர் இந்திரனுடைய ஆரத்தில் பங்கு வாங்கினார்கள், மலையில் மீனைப் பொறித்தார்கள், பாரதத்தைத் தமிழில் கொண்டுவந்தார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள். வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். இரண்டு மொழி, இரண்டு ஃபான்ட். தானம் வாங்க வந்தவர் தன் பேர் எந்தத் தகட்டில் வருகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு தடவை வெற்றிலை போட்டு முடித்திருப்பார்.

இதே இராசசிம்மன் பிற்பாடு பராந்தக சோழனிடம் அடி வாங்கி, பாண்டியர் முடியையும் நகைகளையும் இலங்கை ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டு, தாய்வழிச் சொந்தம் இருந்த கேரளப் பக்கம் போய்ச் சேர்ந்தான். அதாவது வெளிநாட்டு சர்வரில் பேக்கப். போனவன் திரும்பி வரவே இல்லை. சோழர்கள் பாஸ்வேர்ட் தெரியாமல் ஏறக்குறைய நூறு வருஷம் அலைந்து, கடைசியில் ராஜேந்திரன் படையோடு போய்த்தான் அந்த முடியை எடுத்துவர முடிந்தது.

இந்தக் கதை இப்போது எதற்கென்றால், 2000ஆம் வருஷம் எங்கள் சித்தப்பாவின் எண்ணெய்ச் செக்குக்கு நான் ஒரு வெப்சைட் போட்டேன். அதில் நடந்த அத்தனை கோளாறும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த மண்ணில் ஒருதடவை நடந்து முடிந்திருந்தது. நான்தான் செப்பேடு படிக்காமல், வெப்சைட் போடுகிற ஃபிரண்ட்பேஜ் மென்பொருளைப் படித்துவிட்டேன்.

குச்சனூர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான ஊர்களில் சனீஸ்வரன் நவக்கிரகத்தில் ஒருவராக, ஆளுக்கொரு திசை பார்க்கும் கூட்டத்தில் மூலையில் நிற்பார். எங்கள் ஊரில் அவர்தான் முதலாளி. சுயம்பு. சுரபி நதிக் கரையில் தனிக் கோயில். மூலவர் வளர்ந்துகொண்டே இருப்பதாகவும், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத்தான் மஞ்சள் காப்பு சாத்துவதாகவும் நம்பிக்கை. தானாகவே அப்டேட் ஆகிற ஒரே தளம் அதுதான். நிறுத்துவதற்குத்தான் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளேயே சோணைக் கருப்பண்ணசாமியும் இருக்கிறார். அவருக்கு மதுபாட்டில் படைப்பார்கள். எள்ளு ஒருவருக்கு, சாராயம் ஒருவருக்கு. ஒரே காம்பவுண்டில் இரண்டு டிபார்ட்மென்ட், எந்தத் தகராறும் கிடையாது.

தலபுராணம் சொல்கிற கதை இது. தினகரன் என்ற ராஜாவுக்கு ஏழரைச் சனி பிடித்தது. அவன் எடுத்து வளர்த்த பிள்ளை சந்திரவதனன் சுரபி நதிக்கரைக்கு வந்து, இரும்பில் சனி உருவம் செய்து வைத்து, 'எங்கப்பா பட்டது போதும், மிச்சத்தை என் கணக்கில் எழுதிக்கொள்' என்று வேண்டினான். சனிபகவான் மனம் இளகி, 'சரி, உனக்கு ஏழரை நாழிகை மட்டும்' என்றார். நாழிகைக்கு 24 நிமிஷம். ஏழரையைப் பெருக்கினால் 180 நிமிஷம், சரியாக மூன்று மணி நேரம். ஏழரை வருஷப் பாக்கியை மூன்று மணி நேரமாகக் குறைத்த இந்தத் தள்ளுபடிக்கு இணையாக இந்த வட்டாரத்து ஜவுளிக் கடைகளில் எதுவும் இதுவரை அறிவிக்கப்படவில்லை. சந்திரவதனன் நன்றிக்குக் குச்சுப்புல் வேய்ந்து ஒரு கோயில் கட்ட, செண்பகநல்லூர் குச்சனூர் ஆயிற்று. இந்த மூன்று மணி நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எல்லாவற்றையும் கெடுத்தது 1999 நவம்பர். ராஜேஷ் ஜெயின் என்பவர் நடத்திவந்த இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை சிஃபி 499 கோடிக்கு வாங்கியது. செய்தி, கிரிக்கெட், சமையல் குறிப்பு என்று நாலைந்து வெப்சைட்டு. அதற்கு 499 கோடி. மதுரையிலிருந்து தேனியைத் தனி மாவட்டமாகப் பிரித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மாவட்டத்தையே விலைக்குக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது டீக்கடையின் ஒருமித்த கருத்து.

சித்தப்பா அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அப்போது மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை திண்ணையில் இருந்தேன்.

"ஏண்டா, சமையல் குறிப்ப எழுதி வச்சவனுக்கே இம்புட்டுக் கோடின்னா, சமைக்கிற எண்ணெய ஆட்டுறவனுக்கு எம்புட்டுடா குடுப்பாய்ங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் இருந்த பெரிய பெரிய முதலீட்டாளர்களிடமும் அந்த வருஷம் பதில் இல்லை. அவர்களும் இதே தர்க்கத்தில்தான் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கையில் சித்தப்பாவின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. லண்டனில் துணி விற்க ஆரம்பித்த பூ டாட் காம் 13 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2000 மே மாதம் கடையைச் சாத்தியது. சித்தப்பாவின் மொத்த பட்ஜெட் 7,000 ரூபாய், அதுவும் தீபாவளிக்குள் திருப்பித் தருவதாக சித்தியிடம் வாங்கியது.

பிளானிங் செக்கு மேட்டில் நடந்தது. பேப்பருக்குப் பஞ்சம். நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினோம். சித்தப்பா ஒவ்வொரு தாளையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். எண்ணெய்க் கை. அழுத்திய இடமெல்லாம் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, முன்பக்கம் அச்சடித்திருந்தது தலைகீழாகத் தெரியும். 'எங்கள் தயாரிப்புகள்' என்று நான் எழுதியதற்கு அடியிலிருந்து எமகண்டம் எட்டிப் பார்த்தது. அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் பக்கம்: சித்தப்பா படம். இரண்டாவது பக்கம்: செக்கை ஆரம்பித்த பாட்டனார் படம், அவர் பட்ட கஷ்டம், அவர் காலத்து நேர்மை, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எண்ணெயை மோந்து பார்த்துப் பாராட்டிய சம்பவம். மூன்றாவது: செக்கு மாடுகள்.

"மாட்ட வித்துட்டுத்தான மோட்டார் போட்டோம், சித்தப்பா?"

"வித்தா என்னடா? போட்டோவுல ஓடட்டும். அமெரிக்காக்காரன் வந்து எண்ணியா பாக்கப் போறான்?"

நான்காவது பக்கம்: எள்ளின் மகிமை. ஐந்தாவது: சனிபகவான். ஆறாவது: கருப்பட்டி போட்டு ஆட்டுவதால் நல்லெண்ணெய்க்கு வரும் குணம். இந்த ஆறாவது பக்கம் மட்டும் இன்றைக்கும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். எள்ளு பிண்ணாக்காகத் திரளுகிற நேரம் பார்த்துக் கருப்பட்டியைப் போட வேண்டும். எண்ணெய் பிரிந்து வரும்போது செக்கு மேட்டில் அல்வா கிண்டுகிற வாசம் வரும். சித்தப்பா அதைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எவ்வளவு போடுவது என்று கேட்டதற்கு, 'தொழில் ரகசியத்த உலகம் பூரா போட்டுட்டா அப்புறம் நமக்கு என்னடா இருக்கு' என்று தாளைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டார்.

தொடர்புக்கு என்று ஏழாவது பக்கம் நான் எழுதினேன். சித்தப்பா சிரித்தார்.

"நம்ம போன் நம்பர் யாருக்குடா தெரியாது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. உத்தமபாளையத்திலிருந்து போடிவரை அந்த நம்பர் தெரியாத மளிகைக் கடை இல்லை. ஏழாவது பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சித்தப்பாவின் இன்னொரு படத்தைப் போட்டோம். இது சைடு போஸ்.

அடுத்தது இடம். காசில்லாமல் இடம் தருகிற ஜியோசிட்டீஸ் அப்போது ரொம்பப் பிரபலம். 1999இல்தான் யாகூ அதை 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியிருந்தது. அதில் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள், சினிமாவுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டருக்கு சிலிக்கான்வேலி என்று. நம் பக்கமும் அப்படி ஒரு பேட்டைக்குள்தான் போய்ச் சேரும் என்று விளக்கினேன். சித்தப்பா முகம் சுருங்கியது. "குச்சனூர்க்காரன் ஹாலிவுட்டுல போயி வாடகைக்குக் கட போடணுமாக்கும்?" என்றார். 2009இல் யாகூ ஜியோசிட்டீஸை இழுத்து மூடி, லட்சக்கணக்கானவர்களின் பக்கங்களை அப்புறப்படுத்தியபோது, வாடகை இடம் வேண்டாம் என்ற அந்தத் தீர்ப்பை நினைத்துக்கொண்டேன். வருமுன் உரைத்த ஆள். ஆனால் சொந்த இடமும் எங்களுக்குத் தங்கவில்லை, அது வேறு.

சொந்தப் பேர் பதிய வருஷத்துக்கு 35 டாலர். அன்றைய மதிப்பில் 1,600 ரூபாய்க்குப் பக்கம். ஊரில் யாரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது. மஸ்கட்டில் இருந்த மச்சான் கட்டினார். பேரில்தான் சிக்கல். 'ஸ்ரீ சுயம்பு சனீஸ்வர பகவான் துணை' என்று ஆரம்பித்து, பாட்டனார் பேர், அவருடைய மகன்கள் பேர், செக்கு, ஊர், தாலுகா என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே போனார். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்துக்கு மேல் விடமாட்டார்கள் என்றேன்.

"அறுபத்துமூவர் கணக்கா? அப்பச் சரி," என்று உடனே இறங்கி வந்தார். இணைய விதிகளை வகுத்தவர்கள் சைவர்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இன்றுவரை இருக்கிறது.

பாக்கி வேலை சின்னமனூரில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு 40 ரூபாய். மர அறை, சின்னக் கதவு, கதவுக்கு மேலே தலை தெரியும், கீழே செருப்பு தெரியும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது நொடிக்கு 9.6 கிலோபிட் என்பது பெரிய வேகம். சுதந்திர தினத்தில் திறந்ததால் சுதந்திரமாக, தன் இஷ்டத்துக்கு வரும். 2000இல் எங்கள் பக்கம் பேருக்கு 56 கிலோபிட் மோடம். வந்ததென்னவோ நொடிக்கு 2 கிலோபைட். சித்தப்பாவின் படம் 600 கிலோபைட். அவர் திரையில் முழுசாக வந்து சேர ஐந்து நிமிஷம். முதலில் நெற்றி, பிறகு திருநீறு, பிறகு புருவம். மீசை வரும்போது லைன் கட்டாகும். மீண்டும் நெற்றியிலிருந்து. ஒரு சாமி ஊர்வலம்கூட அவ்வளவு நிதானமாகத் தெரு திரும்பாது.

பிறகு தமிழ். இங்கேதான் சரித்திரம் முழுசும் சேர்ந்து என் தலையில் உட்கார்ந்தது.

கணினியில் தமிழ் என்பது அப்போது ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு சாவி. 1995 அக்டோபரிலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறிவிட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அப்புறம் பத்திரிகைக்கொரு ஃபான்ட். செய்தி படிக்கப் போனால் 'முதலில் எங்கள் ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள்' என்பார்கள். ஒவ்வொரு டீக்கடையிலும் அந்தந்தக் கடைக் கண்ணாடியைப் போட்டால்தான் அந்தக் கடைப் பேப்பரைப் படிக்கலாம் என்கிற மாதிரி. இந்தக் கொடுமைக்கு முடிவு கட்ட 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. ஒரே குறியீடு வேண்டும் என்று உலகத் தமிழர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். முடிவில் டாப், டாம் என்று இரண்டு குறியீடுகள் கிடைத்தன. இணையத்தில் ஏற்கெனவே டிஸ்கி என்று ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள்; பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டு மாதிரி அது பாட்டுக்குக் காலியாகக் கிடந்தது. விண்டோஸ் 2000த்தில்தான் மைக்ரோசாஃப்ட் தமிழை ஏற்றியது. எங்கள் சென்டரில் இருந்தது விண்டோஸ் 98. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றுக்கொண்டபோது, கூடவே டேஸ் 16 என்று இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டது. ஒன்றே ஒன்று என்று எதையும் அறிவிக்க நம்மால் முடியாது. பிள்ளையாருக்கே வலம்புரி, இடம்புரி.

நான் அடித்தது பாமினியில். ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் லட்சணமாகத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் அதன் ஆங்கில எலும்புக்கூடு தெரியும். 'அம்மா' என்று அடித்தால் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். 'சனி' என்று அடித்தால் ஆர்.டி.பி. நாங்கள் முதல் பக்கத்தின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் சனி, சனி, சனி என்று மூன்று முறை போட்டிருந்தோம். மஸ்கட்டிலிருந்து பார்த்த மச்சான் போன் பண்ணி, "எண்ணெய்க் கடைல எதுக்கு மாமா சீட்டுக் கம்பெனி ஆரம்பிச்சிருக்கீங்க? ஆர்.டி.பி.ன்னா எத்தன வருஷத் திட்டம்?" என்று விசாரித்தார். சித்தப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஏழரை வருஷம்" என்றார்.

அலங்காரம் எதுவும் பாக்கி வைக்கவில்லை. எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. ஓடாதது மின்னியது. இந்த மின்னுகிற எழுத்து, நெட்ஸ்கேப் நிறுவனத்து லூ மான்டுல்லி ஒரு மதுக்கடையில் வேடிக்கையாகப் பேசியதை, கூட இருந்த பொறியாளர் ஒருவர் அன்று ராத்திரியே செய்து முடித்ததால் உலகத்துக்கு வந்ததாம். சோணைக் கருப்பு சந்நிதி உள்ள ஊருக்கு அது பொருத்தம்தான். அதற்கப்புறம் 2013 வரைக்கும் ஃபயர்ஃபாக்ஸ் அதைச் சுமந்துகொண்டிருந்தது. பின்னணியில் உடுக்கைச் சத்தம் கேட்ட ஒரு மிடி இசை. ஓரத்தில் மண்வெட்டியால் கொத்திக்கொண்டே இருக்கும் 'வேலை நடக்கிறது' பொம்மை மனிதன். எங்கள் தளத்தில் ஓயாமல் உழைத்த ஒரே ஆள் அவன்தான். வருகையாளர் எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டர் பூஜ்யத்தில் ஆரம்பித்தால் மொய் எழுதாத கல்யாணம் மாதிரி இருக்கும் என்று 1,001இலிருந்து ஆரம்பித்தோம்.

திறப்பு விழா ஆடி மாதச் சனிக்கிழமை. ஊரே திருவிழாவில் இருந்தபோது நாங்கள் நாலு பேர் சின்னமனூரில் அந்த மர அறைக்குள் நின்றோம். புது வண்டிக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் போல மவுஸுக்கு அடியில் ஒன்றை வைத்து, "நசுக்குடா" என்றார் சித்தப்பா. அந்தக் காலத்து மவுஸுக்கு வயிற்றில் ஒரு உருண்டை இருக்கும். சாறு உள்ளே போய், அம்புக்குறி திரையின் இடது மூலைக்கு ஓடி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சென்டர்க்காரர் சூடத்தட்டைப் பார்த்ததும் ஓடிவந்தார். "அண்ணே, மானிட்டர் பிளாஸ்டிக்குண்ணே!" அவர் உருண்டையைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக் கொடுத்தபின் ஃபிளாப்பியைப் போட்டேன். அதிலும் ஒரு கட்டைவிரல் எண்ணெய். படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவது ஃபிளாப்பி. ஏற்ற ஆரம்பித்தால் பாதியில் லைன் போகும், மறுபடி மோடம் கூவும், மறுபடி ஆரம்பம். காலை 10 மணிக்குத் தொடங்கி எல்லாப் பக்கமும் ஏறி முடிந்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி.

சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். "மூணு மணி நேரம். ஏழரை நாழிகை. சந்திரவதனன் கணக்குடா," என்று கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். 120 ரூபாய் பில்லையும் கும்பிட்டபடியே என் பக்கம் தள்ளினார்.

வருகைப் பதிவேடு என்று ஒன்று வைத்திருந்தோம், வந்தவர்கள் கருத்து எழுத. நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, தாளில் எழுதிக்கொண்டு வந்து செக்கு மேட்டில் வாசித்துக் காட்டுவேன். ஒரு வருஷத்தில் மொத்தம் 11 பதிவு. முதலாவது நானே சோதனைக்கு எழுதியது. ஒன்று சூதாட்ட விளம்பரம். மீதி ஒன்பதும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், எல்லாம் வெளியூர், வெளிநாடு. கோயில் நடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? தேனியிலிருந்து நேர் பஸ் உண்டா? எனக்கு அஷ்டமத்துச் சனி, சனிக்கிழமைதான் வர வேண்டுமா, மற்ற நாளும் வரலாமா? தங்க ரூம் கிடைக்குமா? காக்கை பொம்மை அங்கே வாங்கலாமா?

எண்ணெயைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

"நான் எண்ணெ விக்கிறேன்டா. என்கிட்ட வந்து பஸ் டயம் கேக்குறாய்ங்க. நான் என்ன டயம் கீப்பரா?" சித்தப்பாவுக்கு உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது. "யாருக்கும் பதில் போடாத."

போடவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுடைய சனி எப்போதோ பெயர்ந்துவிட்டிருக்கும்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முருகவேல் ஜானகிராமன் என்ற சென்னைக்காரருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை வந்திருந்தது. 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு தளம் போட்டார். தமிழ் நாள்காட்டி, பண்டிகை நினைவூட்டல், சமூகச் செய்தி என்று எல்லாம் உண்டு. ஓர் ஓரத்தில் வரன் விளம்பரமும் வைத்தார். வந்தவர்கள் அமாவாசையைப் பார்க்கவில்லை, ஆடிப்பெருக்கைப் பார்க்கவில்லை. நேராக ஓரத்துக்குப் போய் மாப்பிள்ளை இருக்கிறதா, பெண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கள் சித்தப்பாவாக இருந்தால், 'நான் பஞ்சாங்கம் போட்டிருக்கேன், இவய்ங்க பொண்ணு கேக்குறாய்ங்க' என்று கடையைச் சாத்தியிருப்பார். முருகவேல் பஞ்சாங்கத்தை ஓரங்கட்டிவிட்டு வரனை நடுவீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தார். அது தமிழ் மேட்ரிமோனி ஆகி, பாரத் மேட்ரிமோனி ஆகி, 2017இல் பங்குச் சந்தைக்கே போனது. தனக்கும் அந்தத் தளத்திலேயே பெண் பார்த்துக்கொண்டார். நாங்களும் அன்றைக்கு ஒரு பஸ் டயத்தைப் போட்டிருந்தால் என்று அடிக்கடி சித்தியிடம் சொல்வேன். "போட்டிருந்தா மட்டும்? உங்க சித்தப்பா பங்குச் சந்தைக்கும் எண்ணெத் தூக்கோடதான் போயிருப்பாரு," என்பார்.

பேரைப் புதுப்பிக்கிற தேதி வந்தது. மச்சான் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து ஆண்டிபட்டியில் கடை வைத்துவிட்டார், கார்டும் போயிற்று. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் நான் மறந்துபோன ஒரு முகவரிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்திருக்கும். அடுத்த தடவை போய்ப் பார்த்தபோது அந்த 63 எழுத்துக்குள் அடங்கிய புண்ணியப் பேரில் ஏதோ ஒரு நாட்டு மொழியில் சூட்கேஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். பாண்டியன் முடியாவது நூறு வருஷம் இலங்கையில் பத்திரமாக இருந்தது. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் பிண்ணாக்கை மூட்டையில் அள்ளிக்கொண்டே, "யாவாரம் நல்லா நடக்குதாமா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாரும் எங்களைப் போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் தேனியிலிருந்து தேனி மு. சுப்பிரமணி முத்துக்கமலம் என்ற இணைய இதழைத் தொடங்கினார். மவுஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல்கூட இந்த மாவட்டத்தில் ஒரு தளம் நடத்த முடியும் என்று அப்போதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. செக்கைப் பார்த்துக்கொள்வது என் தம்பி. தம்பி மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில் செல்போன் மேப்பில் கடையை ஏற்றிவிட்டான். அவனுக்கு அதற்குப் பிடித்த நேரம் ஒரு டீ ஆறுகிற நேரம். பிளானிங் இல்லை, பாட்டனார் இல்லை, மாடு இல்லை. ஒரு போட்டோ, அதிலும் கடைக்கு முன்னால் நிற்கிற எவனுடைய பைக்கோதான் பெரிசாகத் தெரிகிறது. ஆனால் போன் நம்பர் உண்டு. என் நம்பர்.

"ஏண்டா என் நம்பரப் போட்ட?"

"ஓ.டி.பி. வரணும்ல பெரியப்பா. அப்ப உங்க போன்லதான் சார்ஜ் இருந்துச்சு."

மாற்றச் சொன்னேன். இன்றுவரை மாற்றவில்லை. தேனியில் என் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பேங்கில் வரிசையில் நிற்கும்போது, ஒருதடவை பல் பிடுங்க வாயைத் திறந்து படுத்திருக்கும்போது, யாராவது கூப்பிட்டு 'சனீஸ்வரன் கோயிலுங்களா?' என்பார்கள். முதலில் கோபம் வரும். இப்போது நடை திறக்கிற நேரம், பஸ், குளிக்க இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை கடையில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. ஒரு அம்மா, கோயம்புத்தூர்ப் பேச்சு.

"ஏனுங்க, சனீஸ்வரன் கோயிலுங்களா?"

"இல்லம்மா, இது எண்ணெய்ச் செக்கு. கோயிலுக்குப் பக்கம்தான்."

"அப்படீங்களா. கோயில் எப்பங்க திறப்பாங்க?"

சொன்னேன். எந்த பஸ், எங்கே இறங்கணும், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா யாரிடமோ திரும்பி எழுதிக்கொள்ளச் சொல்வது கேட்டது. பிறகு, "ஏனுங்க, விளக்குப் போட எண்ணெய் இங்கிருந்தே கொண்டாரணுங்களா, அங்கியே கிடைக்குங்களா?" என்றார்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, பேசாமல் சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"அம்மா, நீங்க வெறுங்கையோட வாங்கம்மா," என்றார்.